மூன்று மில்லிமீட்டர் மரம்

மெல்பர்னில் இருக்கும் என் அக்கா மகன் ஐந்து வருடமாக எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறான். முதல் அக்கூஸ்டிக் வாங்கப் போனபோது என்னையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். பளபளவென்று தொங்கிய ஒன்றைக் கேட்டு வாங்கி, கைக்குப் பழகிய லீட் ஒன்றை வாசிக்க ஆரம்பித்தவன் பாதியிலேயே நிறுத்திவிட்டான்.

"விரலை அறுக்குது மாமா. கம்பியை இழுத்தா வர மாட்டேங்குது. மீட்டின உடனே சத்தம் அடங்கிடுது. கிட்டார்ல கோளாறா, என் கையில கோளாறா?"

இரண்டிலும் இல்லை. அவன் சொன்ன மூன்று குறைகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

எலெக்ட்ரிக்கில் பலர் போடும் மிக மெல்லிய கம்பியின் கனம் 0.009 அங்குலம். அக்கூஸ்டிக்கில் அதே கம்பி பெரும்பாலும் 0.012. வித்தியாசம் ஒரு தலைமுடி கனம்தான். ஆனால் ஒரே நீளம், ஒரே சுருதி என்றால் கம்பியின் இழுவிசை அதன் கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 12-ஐ 9-ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள்: ஏறத்தாழ 1.8 மடங்கு. ஆறு கிலோ இழுவிசை பத்தரை கிலோவுக்கு மேல் போய்விடுகிறது. ஆறு கம்பிகளையும் கூட்டினால் 70 கிலோ அளவுக்கு வரும். ஓர் ஆள் தொங்குவதற்குச் சமம். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதுபோல எலெக்ட்ரிக்கில் கம்பியை வளைத்துப் பழகிய விரல் இங்கே திணறாமல் என்ன செய்யும்?

இவ்வளவு தடித்த கம்பி எதற்கு? கம்பி தனியாக அதிர்ந்தால் நம் காதுக்கு அனேகமாக ஒன்றும் எட்டாது. மெல்லிய கம்பி காற்றைத் தள்ளாது, கிழித்துக்கொண்டு போகும். எலெக்ட்ரிக்கில் அது ஒரு பொருட்டே இல்லை. காந்தத்தின் மேல் எஃகுக் கம்பி ஆடுகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது, மிச்சத்தைச் சுவரிலுள்ள பிளக் பார்த்துக்கொள்கிறது. அக்கூஸ்டிக்குக்குப் பிளக் கிடையாது. விரல் கொடுத்த சக்திதான் மொத்த முதலும். அது கம்பியிலிருந்து குதிரைக்கு இறங்கி (வீணைக்காரர்கள் சொல்லும் அதே குதிரைதான்), குதிரையிலிருந்து மேல்பலகைக்குப் போகிறது. அந்தப் பலகையின் கனம் சுமார் மூன்று மில்லிமீட்டர். அதுதான் இந்த வாத்தியத்தின் ஆம்ப். அதை ஆட்டத்தான் இவ்வளவு தடித்த கம்பி.

அந்தப் பலகை 70 கிலோ இழுப்பைத் தாங்கவும் வேண்டும், சிறு தட்டலுக்கு நடுங்கவும் வேண்டும். எடைக்கு மிஞ்சிய விறைப்புள்ள ஸ்புரூஸ் மரத்தைத் தேடிப் பிடித்தது இதற்காகத்தான். உள்ளே பெருக்கல் குறி வடிவில் குச்சிகளை ஒட்டித் தாங்குகொடுக்கும் முறை 1840-களில் அமெரிக்காவில் மார்ட்டின் பட்டறையில் உருப்பெற்றது. வட்டத் துளைக்குப் பின்னால் இருக்கும் காற்றும் சும்மா இருப்பதில்லை. காலி பாட்டில் வாயில் ஊதினால் எழும் ஒலிபோல, பெரிய கிட்டாரின் வயிற்றுக் காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் முழங்கி, கீழ்ச்சுரங்களுக்குக் கனம் தருகிறது.

மூன்றாவது குறைக்கும் இதுவே பதில். எலெக்ட்ரிக்கின் கெட்டி மரம் கம்பியின் சக்தியை வாங்கிக்கொள்ளாது, அதனால் சுரம் நீண்டு நிற்கிறது. அக்கூஸ்டிக்கின் பலகை அதை உடனே வாங்கிக் காற்றில் செலவழித்துவிடுகிறது. சத்தமாகவும் வேண்டும், நெடுநேரமும் நிற்க வேண்டும் என்றால் கணக்கு உதைக்கும்.

ஆகவே காசு போக வேண்டிய முதல் இடம் மேல்பலகை. ஒட்டுப்பலகையா, ஒரே மரமா என்று கேளுங்கள். துளையின் விளிம்பைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்: மேலே ஓடும் ரேகை வெட்டு முகத்திலும் தொடர்ந்தால் அது மரம். அடுத்தது உடம்பின் அளவு. போர்க்கப்பலின் பெயரைச் சுமக்கும் டிரெட்நாட் வடிவம் எலெக்ட்ரிக்காரர்களின் தோளைப் படுத்தும், சிறிய உடம்பே தோது. கம்பியை 0.011-க்கு மாற்றினால் இழுவிசையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். பன்னிரண்டாம் மெட்டில் கம்பியின் உயரத்தையும் கடைக்காரரையே அளந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டினால் குறைத்துத் தரச் சொல்லலாம்.

மெல்பர்னில் வாங்குகிறவர்களுக்கு ஒரு சௌகரியம், உள்ளூர்ச் சரக்கே உயர்ந்த சரக்கு. மரவேலை ஆசிரியரும் ஜாஸ் கலைஞருமான பில் மே 1946-இல் தொடங்கிய மேட்டன் இந்த ஊர்க்காரர்களுடையது. மே, டோன் என்ற இரண்டு சொற்களை ஒட்டிய பெயர் அது. எலெக்ட்ரிக்கும் வாசித்துவிட்டு ஒற்றை அக்கூஸ்டிக்கோடு உலகம் சுற்றும் டாமி இம்மானுவேலின் கையில் இருப்பதும் மேட்டன்தான். 2001-இல் வந்த கோல் கிளார்க் மேல்பலகைக்குப் பன்யா மரத்தையும் பிடித்துக்கொண்டது. நம்மூர் நர்சரிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று தொட்டியில் விற்கிறார்களே, அதற்கு நெருங்கிய உறவு.

இரு நிறுவனங்களும் பக்கங்களுக்கும் முதுகுக்கும் நிறையப் பயன்படுத்தும் பிளாக்வுட்டை நீலகிரிக்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளையர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட அகேசியாக்களில் அதுவும் ஒன்று. சோலையையும் புல்வெளியையும் விழுங்கிய அந்நிய மரம் என்று அங்கே வெட்டி அகற்றுகிறார்கள். அதே மரம் இங்கே கண்ணாடிக்குள் ஆயிரக்கணக்கான டாலர் விலையோடு தொங்குகிறது. பதிலுக்கு நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈட்டி உலகெங்கும் கிட்டார்களின் முதுகாகியிருக்கிறது.

வாங்கியபின் எதிரி ஈரப்பதம். 45 முதல் 55 சதவீதம்வரை இந்த மரத்துக்குச் சுகம். மெல்பர்னின் வடக்குக் காற்று வீசும் கோடைநாளில் அது இருபதுக்கும் கீழே இறங்கும். விரல்பலகை சுருங்கும், உலோக மெட்டு சுருங்காது. ஓரத்தில் கைவைத்தால் ரம்பப் பல்லைத் தடவுவதுபோல் இருக்கும். சிட்னியின் புழுக்கத்திலோ சென்னையின் ஐப்பசியிலோ பலகை உப்பி, கம்பி மேலே ஏறிக்கொள்ளும். பெட்டிக்குள் ஒரு சிறிய ஈரமானி போட்டுவையுங்கள், விலை அதிகமில்லை.

அக்கா மகன் கடைசியில் பிளாக்வுட் முதுகுள்ள சிறிய உடம்பு ஒன்றை வாங்கி, 0.011 கம்பி போட்டுக்கொண்டான். இப்போது இழுத்தால் பாதிச் சுரம் வளைகிறதாம். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: ஜனவரி வெயிலில் காருக்குள் கிட்டாரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். 2009 பிப்ரவரி 7 அன்று இந்த ஊர் 46.4 டிகிரி கண்டது. மூடிய காருக்குள் அதைவிட அதிகம். குதிரையைப் பிடித்திருப்பது பசை மட்டும்தான். அது இளகினால், 70 கிலோ இழுப்பு குதிரையைப் பலகையிலிருந்து பெயர்த்துவிடும்.