முள் தைத்த இடம்: சிறுநீரகம் மாற்றியவர்களின் தோலில் வரும் அரிய நோய்கள்



சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களின் மாத்திரைச் செலவில் ஒரு பகுதியை நம் டிரஸ்ட் ஜகாத் நிதியிலிருந்து கொடுத்து வருவதை வாசகர்கள் அறிவீர்கள். அப்படி உதவி பெறும் சகோதரர் ஒருவர் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் ஆடு வைத்திருக்கிறார். ஒருநாள் தொகை வாங்க வந்தபோது அவருடைய கணுக்காலுக்கு மேலே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டியைப் பார்த்தோம். "உடைமுள்ளு தச்ச எடம்தான் பாய். ஆறு மாசமா இருக்கு. வலிக்கவே இல்ல, என்னத்துக்கு ஆஸ்பத்திரி?" என்றார். நாங்களும் சரியென்று விட்டுவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்துக் கட்டி உடைந்து நீர் வடிந்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார். சதையில் சிறிது எடுத்துச் சோதித்ததில் அது பூஞ்சைக் கட்டி என்று தெரிந்தது. அறுத்தெடுத்து, மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். வைத்த சிறுநீரகத்துக்குச் சேதமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நாங்கள் பார்த்த அன்றே அனுப்பியிருந்தால் கட்டி சிறியதாக இருக்கும்போதே வேலை முடிந்திருக்கும். அந்த உறுத்தலோடுதான் இதை எழுதுகிறோம்.

முள்ளில் பூஞ்சை எப்படி வந்தது? மண்ணிலும், மக்கிய மரத்திலும், காய்ந்த முள்ளிலும் கருநிறப் பூஞ்சைகள் சில எப்போதும் இருக்கின்றன. நம் எல்லோருக்கும் முள் தைக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்தப் பூஞ்சையை அங்கேயே தீர்த்துவிடுகிறது. சிறுநீரகம் மாற்றியவருக்கு அப்படியல்ல. 1954இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதன்முதலாக வெற்றி பெற்ற சிறுநீரக மாற்று, ஒரே உருவ இரட்டையருக்குள் நடந்தது. அதனால் உடம்பு அதை அந்நியமாகப் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கு உடம்பு புதிய உறுப்பைத் தாக்கும். அதைத் தடுக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1971இல் நம் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்த காலம் முதல் இன்றுவரை நிலைமை இதுதான். காவல்காரரைப் பாதித் தூக்கத்தில் வைத்திருக்கிறோம். உறுப்பு தப்புகிறது, ஆனால் முள்ளோடு வந்த பூஞ்சையும் தங்கிவிடுகிறது. எதிர்ப்புச் சக்தி வேலை செய்தால்தானே சிவப்பும் வீக்கமும் வலியும் காய்ச்சலும் வரும்? அது அடங்கிக் கிடப்பதால் வலியும் இல்லை. ஆகவே இவர்களைப் பொறுத்தவரை "வலிக்கவில்லை" என்பது நல்ல செய்தி அல்ல.

இதை 2021இல் கொரோனாவோடு வந்த கருப்புப் பூஞ்சையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தப் பூஞ்சை உண்மையில் கருப்பே அல்ல. ரத்த ஓட்டம் அடைபட்டுச் சதை செத்துக் கருப்பதால் அந்தப் பெயர் வந்தது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு அதுவும் வரலாம், அது நாள் கணக்கில் பரவும். முள் பூஞ்சையோ மாதக்கணக்கில் மெதுவாக வளரும்.

கடற்கரைப் பக்கத்துச் சகோதரர்களுக்கு முள்ளுக்குப் பதில் மீன் செதிலும் இறால் கொம்பும். காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமி கடல்நீரிலும் மீனிலும் உண்டு. அது விரலில் ஏறினால் கட்டிகள் கையில் வரிசையாக மேலே ஏறிக்கொண்டு போகும். இன்னொரு வகைக் கடல் கிருமி திறந்த புண் வழியாகப் புகுந்தால் சில மணி நேரத்திலேயே கொப்புளமும் கடும் வலியும் வரும். அதற்கு அன்றிரவே மருத்துவமனை போக வேண்டும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. சங்கு குளிக்கும் குடும்பங்களில் சிறுநீரகம் மாற்றியவர் இருந்தால் புண்ணோடு கடலில் இறங்கவே கூடாது.

உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்கு வெயில் மேலேயிருந்தும் அடிக்கிறது, உப்பிலிருந்தும் அடிக்கிறது. அசத்தியோபிரின் மாத்திரை தோலை வெயிலுக்கு இன்னும் இளக்கமாக்குகிறது. வெள்ளைத் தோலர் நாடுகளில் மாற்று உறுப்பு பெற்றவர்களுக்குப் பெரிய தொல்லையே தோல் புற்றுநோய்தான். நம் நிறத்துக்கு அது குறைவு, கிருமித் தொற்றுதான் அதிகம். ஆனால் கபோசி என்ற ஒரு புற்றுநோயைச் சொல்லியாக வேண்டும். காலிலும் வாய்க்குள்ளும் கத்தரிப்பூ நிறத்தில் தடிப்பாக வரும். நம் நாட்டில் அரிது. ஆனால் சவூதியில் சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் அதுவே முதலிடம் என்று 1988இல் அங்குள்ள மருத்துவர்கள் எழுதினார்கள். வளைகுடாவில் காலம் கழித்துவிட்டு வந்த குடும்பங்கள் நம்மிடம் எத்தனை!

"மாத்திரைதான் புற்றுநோய் தருகிறது, நிறுத்து" என்று சொல்லும் வாய்கள் இங்குதான் கிளம்பும். நிறுத்தினால் உடம்பு சிறுநீரகத்தைத் தள்ளிவிடும். 2005இல் இத்தாலிய மருத்துவர்கள் கபோசி வந்த 15 பேருக்கு சைக்ளோஸ்போரினை விட்டு சிரோலிமஸ் என்ற மாத்திரைக்கு மாற்றினார்கள். மூன்று மாதத்தில் எல்லோருடைய தோல் கட்டிகளும் மறைந்தன. மாத்திரையை நிறுத்தவில்லை, மாற்றினார்கள். அந்த மாற்றம் சிறுநீரக மருத்துவரின் வேலை. நாமோ பக்கத்து வீட்டாரோ செய்வதல்ல.

மருந்துக் கடைக் களிம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். படர்தாமரை என்று கேட்டால் ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு நாள் அரிப்பு நிற்கும், உள்ளே பூஞ்சை பரவும். அதைவிட ஆபத்து பூஞ்சை மாத்திரைகள். இட்ராகொனசோல், ஃப்ளுகொனசோல் போன்றவை ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவைக் கிடுகிடுவென ஏற்றிவிடும். அந்த அளவு ஏறினால் சிறுநீரகமே கெடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் நேர்மாறு: அளவை இறக்கிவிடும், உறுப்பு தள்ளப்படும். இந்த மருந்துகளை அறவே சாப்பிடக் கூடாது என்பதில்லை. நம் சகோதரருக்கும் பூஞ்சை மாத்திரை கொடுத்தார்கள். அடிக்கடி ரத்தம் பார்த்து மற்ற மாத்திரையைக் குறைத்துக்கொண்டே கொடுத்தார்கள். ஆகவே தோல் மருத்துவரிடம் உட்கார்ந்ததும் முதல் வார்த்தை "எனக்குச் சிறுநீரகம் மாற்றியிருக்கிறது" என்பதாக இருக்கட்டும். மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கட்டும்.

உறுப்பு மாற்று மார்க்கத்தில் கூடுமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். 1988இல் ஜித்தாவின் ஃபிக்ஹ் அகாடமி நிபந்தனைகளோடு கூடும் என்று தீர்மானித்திருக்கிறது. அந்த விவாதம் இங்கே வேண்டாம். உளூவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஐவேளையும் கால் கழுவுகிறோம். விரலிடுக்கில் ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும், அந்த வெடிப்பு வழியாக மற்றவை நுழையும். விரல்களைக் கோதிக் கழுவுவது சுன்னத். கழுவியபின் தனித் துண்டால் துடைத்து உலர்த்துங்கள். கட்டுப் போட்ட புண் என்றால் கட்டின் மேல் மஸஹு செய்ய இடமுண்டு. தண்ணீரே ஆகாது என்று மருத்துவர் சொன்னால் தயம்மும் இருக்கிறது. நம் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரும் மாதம் முதல் மாத்திரைத் தொகை வாங்க வருகிறவர்களிடம் கை, கால், விரலிடுக்கு, வாய், காதுமடல் பற்றிக் கேட்போம். பெண்களிடம் நம் மகளிர் மதரஸா ஆலிமா கேட்பார். மூன்று வாரமாகியும் ஆறாத எந்தப் புண்ணானாலும், புதிதாக வந்த எந்தக் கட்டியானாலும், தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போய்வரப் பேருந்துக் கட்டணத்தை அன்றே கொடுத்துவிடுவோம். கூட வருகிறவருக்கும் சேர்த்து. டிக்கெட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டியதில்லை.