கரண்ட் போனா உங்க கீபோர்டு என்ன செய்யும்?

மேடையில வாசிக்க எந்த கீபோர்டு வாங்கலாம்? இன்னைக்கு எபிசோட் இதைப் பத்திதான். எங்க ஊர் நாட்றாம்பாளையத்துல நடந்த ஒரு சம்பவத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

என் பெரியப்பா மகன் பகல்ல ஓசூர்ல ஒரு கம்பெனியில ஷிப்ட் பாக்குறார், சீசன்ல ராத்திரி ஆர்கெஸ்ட்ராவுல கீபோர்டு வாசிக்கிறார். போன வருஷம் மாரியம்மன் பண்டிகையில பாட்டு நடுவுல கரண்ட் போச்சு. ஜெனரேட்டருக்கு மாத்தினதும் ஸ்பீக்கர் வந்துடுச்சு. கீபோர்டு மட்டும் முதல்ல இருந்து பூட் ஆச்சு. என் வீடியோவுல எண்ணிப் பார்த்தேன், 14 செகண்ட். வந்த பிறகு இன்னும் மோசம்: சாதா பியானோ டோன், டிரான்ஸ்போஸ் பூஜ்யம். அண்ணன் பழைய விரலிலேயே வாசிச்சார். பாடினவங்க சுருதி ரெண்டு கட்டம் மேல இருந்தது. கூட்டம் சிரிச்சுது.

மறுநாள், “தம்பி, லோன் போட்டு பெரிய கீபோர்டா வாங்கிடலாம்னு இருக்கேன்” என்றார். “அதுலயும் கரண்ட் போனா இதேதான் நடக்கும்ணா” என்றேன்.

இளையராஜா தன் அண்ணன் பாவலர் வரதராஜனோட ஊர் ஊராகப் போன காலத்துல வாசிச்சது ஆர்மோனியம். துருத்தியில காத்து இருந்தா போதும், அது பாடும். இன்னைக்கு கீபோர்டு ஒரு கம்ப்யூட்டர். நீங்க மேடையில மாத்தின டோன், டிரான்ஸ்போஸ் எல்லாம் தற்காலிக மெமரியில இருக்கும். கரண்ட் போனா அது அழிஞ்சிடும், சேவ் பண்ணினது மட்டும்தான் மிஞ்சும்.

அதனால சத்தத்தைக் கேட்கிறதுக்கு முன்னாடி கரண்டைப் பத்திக் கேளுங்க. பேட்டரியில ஓடுற மாடல்கள் இருக்கு. கோர்க் கிராஸ் 2-ன் 61 கீ மாடல் 6 ஏஏ பேட்டரியில ஓடும், எடை 3.8 கிலோ. ரோலண்ட் ஜூனோ டிஎஸ்61-க்கு ரீசார்ஜ் பண்ணக்கூடிய 8 ஏஏ பேட்டரி போடணும்.

இருக்கிற கீபோர்டே போதும்னா, கம்ப்யூட்டருக்கு வைக்கிற 600 விஏ யூபிஎஸ் ஒன்னு வாங்குங்க. சின்ன 61 கீ கீபோர்டுகள் பெரும்பாலும் 20 வாட்டுக்குள்ளதான் எடுக்கும். ஆம்ப்ளிஃபையரை மட்டும் அதுல மாட்டிடாதீங்க, தாங்காது. இன்னொரு விஷயம், சில யூபிஎஸ் லோடு ரொம்பக் கம்மியா இருந்தா ‘எதுவும் மாட்டலை’ன்னு நினைச்சு தானா அணைஞ்சிடும். சிலதுல பேட்டரிக்கு மாறினதும் இரைச்சல் வரும். மேடைக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி, வீட்ல பிளக்கைப் பிடுங்கிட்டு அரை மணி நேரம் வாசிச்சுப் பாருங்க.

அடுத்து மெமரி. எங்க பக்கம் ஒரே ராத்திரியில தமிழ், கன்னடம், தெலுங்கு மூணுலயும் பாட்டு கேட்பாங்க. ஒவ்வொரு பாட்டுக்கும் டோனையும் டிரான்ஸ்போஸையும் சேர்த்து ஒரு பட்டன்ல சேவ் பண்ணுங்க. யமஹாவுல இதுக்குப் பேரு ரெஜிஸ்ட்ரேஷன் மெமரி. திரும்ப பூட் ஆனாலும் ஒரே அழுத்துல பாட்டுக்கு வந்துடலாம். எல்லாத்தையும் பென் டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து வையுங்க.

மூணாவது, டிஐ பாக்ஸ். கீபோர்டுல இருந்து மிக்ஸருக்குச் சாதாரண ஒயரை நீளமா இழுத்தா, சீரியல் லைட், ஜெனரேட்டர் இரைச்சலை எல்லாம் அது பிடிச்சுக்கும். டிஐ பாக்ஸ் அதே சிக்னலை நேராவும் தலைகீழாவும் ரெண்டு கம்பியில அனுப்பும். வழியில சேர்ற இரைச்சல் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கும். மிக்ஸர் ஒன்னுல இருந்து இன்னொன்னைக் கழிச்சா இரைச்சல் போயிடும், பாட்டு நிக்கும். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிற டிஐ-யா வாங்குங்க. எர்த் கோளாறால வர்ற 50 ஹெர்ட்ஸ் ‘ம்ம்ம்’ சத்தத்தையும் அது நிறுத்தும்.

இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் டோன். நம்ம ஊர்ச் சத்தம் வேணும்னா ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10, யமஹா பிஎஸ்ஆர்-ஐ500 மாதிரி இந்திய டோன்களோட வந்த மாடல்கள் இருக்கு. கடையில ஹெட்போன்ல கேட்டு முடிவு பண்ணாதீங்க. மேடை ஸ்பீக்கர் பெரும்பாலும் மோனோ. ரெண்டு பக்கமும் விரிஞ்சு அழகா கேட்ட பியானோ, மோனோவுல மெலிஞ்சு போகலாம். மோனோ ஜாக்ல போட்டுக் கேளுங்க.

அண்ணன் லோன் போடலை. யூபிஎஸ்ஸும் டிஐ பாக்ஸும் வாங்கினார். அடுத்த கச்சேரியிலயும் கரண்ட் போச்சு. ஸ்பீக்கர் ஊமையா இருந்த நேரத்துல, கீபோர்டு டிஸ்பிளே மட்டும் இருட்டுல எரிஞ்சுக்கிட்டே இருந்தது. ஜெனரேட்டர் வந்ததும் விட்ட இடத்துல இருந்து வாசிச்சார்.