தூக்கம் வந்தால்தான் மருந்தா?

விடிந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கில் தண்ணீராக ஒழுக்கு, கண்ணில் அரிப்பு. மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டால் தும்மல் அடங்குகிறது, கூடவே கண்ணும் சொருகுகிறது. "தூக்கம் வருதுன்னா மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உண்மையில் தும்மலை அடக்குவது ஒரு வேலை, தூங்க வைப்பது வேறு வேலை. இரண்டாவது இல்லாமலேயே முதலாவதைச் செய்யும் மருந்துகள் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

ஹிஸ்டமின் என்ன செய்கிறது?

தூசி, மகரந்தம், பூஞ்சை, பூனை முடி போன்றவற்றைச் சிலரது உடல் எதிரியாகவே கருதி, ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தைத் தயாரித்து வைக்கிறது. அது மூக்கு, தோல், கண் ஆகிய இடங்களில் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கும். அதே தூசி மறுபடி உள்ளே வந்ததும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. அது எச்1 என்ற ஏற்பியில் போய் உட்கார்ந்ததும் நரம்பு தூண்டப்பட்டு அரிப்பும் தும்மலும் வருகின்றன. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதால் மூக்கு ஒழுகுகிறது, தோல் தடிக்கிறது. ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை அந்த எச்1 ஏற்பியை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. ஹிஸ்டமின் வந்தாலும் அதற்கு இடம் கிடைப்பதில்லை.

பழைய மாத்திரை ஏன் தூங்க வைக்கிறது?

நம்மை விழிப்பாக வைத்திருக்க மூளையும் ஹிஸ்டமினைத்தான் பயன்படுத்துகிறது. குளோர்பெனிரமின், பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்ற முதல் தலைமுறை மருந்துகள் கொழுப்பில் எளிதில் கரைபவை. ரத்தத்திலிருந்து மூளைக்குள் கண்டதையும் விடாத தடுப்பு ஒன்று உண்டு. இவை அதைத் தாண்டிப் போய், அங்குள்ள எச்1 ஏற்பிகளையும் அடைத்துவிடுகின்றன. தூக்கம், கவனக்குறைவு, மறுநாள் காலை மந்தம் எல்லாம் இதனால்தான். வாய் உலர்வது, மலச்சிக்கல், வயதானவர்களுக்குச் சிறுநீர் அடைப்பு, குழப்பம் ஆகியவையும் வரலாம்.

செட்டிரிசின், லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின், பிலாஸ்டின் போன்ற இரண்டாம் தலைமுறை மருந்துகள் அந்தத் தடுப்பை எளிதில் கடப்பதில்லை. நுழைந்த கொஞ்சத்தையும் பி-கிளைக்கோபுரதம் என்ற பம்பு வெளியே தள்ளிவிடுகிறது. மூளை விழித்திருக்க, மூக்கும் தோலும் மட்டும் பலன் பெறுகின்றன.

ஒரு மருந்தின் கதை

தூக்கம் வராத ஒவ்வாமை மருந்து என்று அமெரிக்காவில் 1985இல் அனுமதி பெற்றது டெர்ஃபெனடின். கல்லீரல் அதை வேறொரு பொருளாக மாற்றிய பிறகே அது ஒவ்வாமையை அடக்கும். எரித்ரோமைசின், கீட்டோகோனசோல் போன்ற மருந்துகள் அந்த மாற்றத்தைத் தடுத்தபோது, மாறாத டெர்ஃபெனடின் ரத்தத்தில் சேர்ந்து இதயத்துடிப்பை ஆபத்தாகக் குலைத்தது. 1998இல் அது அங்கே விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. கல்லீரல் மாற்றித் தரும் அந்தப் பொருளே தனி மருந்தாக 1996இல் அனுமதி பெற்றிருந்தது. அதுதான் ஃபெக்ஸோஃபெனடின். இதயத்துக்கு அந்த ஆபத்து இதில் இல்லை.

எல்லாம் ஒன்றல்ல

'தூக்கம் வராது' என்ற பேச்சைக் கேட்டுச் செட்டிரிசின் போட்டவர்களில் சிலருக்குத் தூக்கம் வரத்தான் செய்கிறது. ஃபெக்ஸோஃபெனடினில் அது மிகக் குறைவு. புதிதாகத் தொடங்கும் எந்த மாத்திரையையும் முதலில் இரவில் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு வண்டி ஓட்டலாமா என்று முடிவு செய்யுங்கள். மதுவோடு சேர்ப்பதைத் தவிர்க்க வேண்டும்.

எப்படிச் சாப்பிடுவது?

* ஃபெக்ஸோஃபெனடினைத் தண்ணீரில் மட்டும் விழுங்குங்கள். ஆரஞ்சு, ஆப்பிள் சாறு அதை உடலில் சேரவிடாமல் குறைக்கும். அலுமினியம், மெக்னீசியம் கலந்த அமில நீக்கிகளும் அப்படியே.
* பிலாஸ்டினை வெறும் வயிற்றில், உணவுக்கு 1 மணி நேரம் முன்போ 2 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும்.
* சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் மருத்துவரிடம் கேட்டே அளவை முடிவு செய்ய வேண்டும்.
* மாதக்கணக்கில் தினமும் செட்டிரிசினோ லீவோசெட்டிரிசினோ எடுத்துத் திடீரென நிறுத்தியவர்களில் அரிதாகச் சிலருக்குக் கடும் அரிப்பு வந்ததாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் எச்சரித்தது.

பலவகை மருந்து கலந்த 'சளி மாத்திரை' அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பாராசிட்டமால், ஃபினைலெஃப்ரின் என்று வரிசையாக வரும் பெயர்களுக்கு நடுவே குளோர்பெனிரமின் இருந்தால், தூக்கத்துக்குக் காரணம் அதுதான்.

எதற்கு உதவாது?

சாதாரண ஜலதோஷம் வைரஸால் வருவது. தூக்கம் வராத ஆன்டிஹிஸ்டமினால் அதில் பெரிய பலன் இல்லை. ஒவ்வாமையில் மூக்கடைப்பே முக்கியத் தொல்லை என்றால், மருத்துவர் பரிந்துரைக்கும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே இந்த மாத்திரைகளைவிட நன்றாக வேலை செய்யும். தொண்டை அடைத்து, மூச்சுத் திணறி, மயக்கம் வரும் கடும் ஒவ்வாமைக்கு உடனே தேவை அட்ரினலின் ஊசி. அப்போது மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள்.

அடுத்த முறை கடையில் வெறுமனே "அலர்ஜி மாத்திரை" என்று கேட்காதீர்கள். மருத்துவர் எழுதிய மருந்தின் பெயரைச் சொல்லி வாங்குங்கள், நீங்கள் ஏற்கெனவே எடுக்கும் மருந்துகளையும் மறக்காமல் சொல்லுங்கள்.