சோளத் தோகையின் நடுநரம்பு

விளாத்திகுளம் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைச் சோளத்தட்டையிலிருந்தும் எடுக்கலாமாமே. எங்கள் கரிசலுக்கு அது சரிப்படுமா?”

எடுக்கலாம். சரிப்படுமா என்பதற்கு முதலில் சோளக்காட்டில் இறங்கி ஒரு தோகையைப் பார்க்க வேண்டும். தோகையின் நடுவே ஓடும் தடித்த நரம்பு சில பயிரில் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். சிலவற்றில் மங்கிய பச்சையாக இருக்கும். வெள்ளை நரம்புப் பயிரின் தட்டையை ஒடித்தால் உள்ளே வெறும் நெட்டிதான். மங்கிய நரம்புப் பயிரை ஒடித்தால் கையில் சாறு பிசுபிசுக்கும். வெள்ளை நரம்புப் பயிரில் தண்டின் உட்சதைச் செல்கள் வளரும்போதே செத்துப்போய் அங்கே காற்று புகுந்துகொள்கிறது. நரம்பில் வெள்ளையாகத் தெரிவதும் அந்தக் காற்றுதான். அந்தச் செல்களைச் சாகச் சொல்லும் மரபணுவை 2018ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அடையாளம் காட்டினார்கள். அந்த மரபணு பழுதான சோளமே சாற்றுச் சோளம். சாறு இருந்தால் இனிப்பும் இருந்தாக வேண்டும் என்பதில்லை, அது தனிக் குணம்.

சாறும் இனிப்பும் சேர்ந்த சோளத்தைக் கரும்பைப்போலப் பிழிந்து, நொதிக்கவிட்டு எத்தனால் எடுக்கும் வேலையை மகாராஷ்டிரத்தின் பல்டனில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1970களிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் அந்தச் சாறு வெட்டிய சில மணி நேரத்திலேயே கெட ஆரம்பிக்கும். நம் மானாவாரியோ ஒரே மழையை நம்பியது; புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் தை, மாசியில் எல்லார் காடும் ஒன்றாக அறுப்புக்கு வரும். மிச்ச மாதங்களில் ஆலைக்கு எதைப் போடுவது? படப்புப் போட்டு வைத்து, வேண்டும்போது உருவிக்கொள்ளக்கூடிய காய்ந்த தட்டைதான் கரிசலுக்குப் பொருந்தும்.

காய்ந்த தட்டையில் ஏது சர்க்கரை என்று கேட்கலாம். அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செல்லுலோஸ். பருத்திப் பஞ்சில் இருப்பதும் அதுவே. குளுக்கோஸ் சர்க்கரை ஆயிரக்கணக்கில் கோத்துக் கிடக்கும் சரம். அதைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ், இரண்டையும் இறுக்கிப் பிடித்தபடி லிக்னின். சிறுவயதில் கோவில்பட்டிக் கடலைமிட்டாயிலிருந்து பருப்பை மட்டும் தனியாகப் பெயர்க்கப் பார்த்திருக்கிறேன். பாகு இளகினாலொழிய நடக்காது. இங்கே இளக வேண்டிய பாகு லிக்னின்.

ஆலையில் தட்டையை நறுக்கி, நீர்த்த அமிலத்துடன் 160 டிகிரிக்கு மேல் நீராவியில் வேகவைக்கிறார்கள். பிறகு 50 டிகிரி அளவில் நொதிகளைச் சேர்த்து இரண்டு, மூன்று நாள் விடுகிறார்கள். ஒரு நொதி சரத்தை நடுவில் வெட்டும். இன்னொன்று நுனியிலிருந்து இரண்டிரண்டாகக் கழற்றும். மூன்றாவது அந்த ஜோடியைப் பிரித்துக் குளுக்கோஸாக்கும். இந்த நொதிகளைத் தரும் டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சை, இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரத் துணியைத் தின்றுகொண்டிருந்தபோது பிடிபட்டது. கிடைத்த குளுக்கோஸை ஈஸ்ட் எத்தனாலாக்கிவிடும். ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சைலோஸ் சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட் தொடாது. அதற்கென மாற்றியமைத்த ஈஸ்ட் வேண்டும்.

செலவு கூடுவது அந்த வேகவைப்பிலும் நொதியிலும்தான். அதைக் குறைக்கும் வழியும் நடுநரம்பிலேயே தெரிகிறது. மூன்றாவதாக ஒரு நிறம் உண்டு: பழுப்பு. மக்காச்சோளத்தில் 1924லேயே இதைப் பார்த்திருந்தார்கள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் சோள விதைக்கு ரசாயனம் ஊட்டி, மரபணு மாறிய பயிர்களில் பழுப்பு நரம்புள்ளவற்றைப் பொறுக்கியெடுத்து 1978ல் அறிவித்தார்கள். லிக்னின் கட்டும் வேலையில் ஒரு நொதி பழுதானதால் வந்த நிறம் அது. தட்டையில் லிக்னின் குறைவு. அதனால் சர்க்கரை எளிதில் பிரிகிறது. சில ரகங்களில் விளைச்சல் குறைவதும், காற்றுக்குப் பயிர் சாய்வதும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பழுப்பு நரம்பைத் தேடியது எத்தனாலுக்காக அல்ல, மாட்டுக்காக. பசுவின் முதல் இரைப்பையிலும் நுண்ணுயிர்கள் இதே சரத்தைத்தான் வெட்டுகின்றன. அங்கேயும் லிக்னின்தான் முட்டுக்கட்டை. ஆலைக்கு நல்ல தட்டை மாட்டுக்கும் நல்ல தட்டை.

என் கவலையும் இங்கேதான். 1901 முதல் இயங்கும் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் கே 8, கே 11, கே 12 என்று சோள ரகங்களைத் தந்தபடி இருக்கிறது. காட்டிலோ மக்காச்சோளம் வந்து சோளத்தை ஒதுக்கிவிட்டது. சோளத்தோடு படப்பும் போனது. மாடு வைத்திருப்பவர்கள் வைக்கோலை விலைக்கு வாங்குகிறார்கள். இந்த நிலையில் இருக்கிற சோளத்தட்டையையும் ஆலைக்கு ஏற்றுவது அநியாயம். ஹரியானாவில் 2022ல் திறந்த பானிப்பட் ஆலை ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பதற்காகக் கட்டப்பட்டது. அங்கே வைக்கோல் கொளுத்தப்படும் பண்டம். இங்கே தட்டை தீவனம். கரிசலில் ஆலை வருமானால் மாடு தின்று மிஞ்சியதும், அறுத்தபின் நிற்கும் மக்காச்சோளத் தட்டையும் போதும். அதிலும் ஒரு பங்கை மடக்கி உழுது மண்ணுக்கு விட வேண்டும்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கம் நாட்டு ரகமான இருங்குச் சோளம் இன்னும் விதைப்பவர்கள் இருந்தால், இந்த ஐப்பசிப் பயிரில் நடுநரம்பைப் பாருங்கள். நோய் விழுந்த நரம்பில் சிவப்பு திட்டுத்திட்டாக இருக்கும். திட்டில்லாமல் நெடுகப் பழுப்பாக ஒரு பயிர் கண்ணில் பட்டால், அறுக்காமல் முற்றவிட்டு, அந்தக் கதிரைத் தனியாக எடுத்துக் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் சேர்த்துவிடுங்கள்.