சம்மர்ஹில் பள்ளியில் ஆங்கிலமும் கணிதமும்

சம்மர்ஹில் பள்ளி என்பது இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் லீஸ்டன் என்னும் சிற்றூரில் அமைந்துள்ள ஒரு சிறிய தனியார் உறைவிடப் பள்ளி ஆகும். ஏ. எஸ். நீல் என்னும் ஸ்காட்லாந்துக் கல்வியாளர் 1921 இல் இதனைத் தொடங்கினார். மாற்றுக் கல்வி பற்றிய உரையாடல்களில் இப்பள்ளி அளவுக்குப் பேசப்பட்ட பள்ளிகள் மிகச் சிலவே. வகுப்புக்கு வருவதும் வராததும் மாணவரின் விருப்பம் என்பதே இதன் அடிப்படை விதி. எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயம் எனக் கருதப்படும் ஆங்கிலம், கணிதம் ஆகிய இரு பாடங்களுக்கும் இவ்விதி விலக்கு அளிப்பதில்லை. அவ்விரு பாடங்களும் இங்கு எவ்வாறு கற்பிக்கப்பட்டன, அதனால் எழுந்த சிக்கல்கள் யாவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

நீல் 1883 இல் ஸ்காட்லாந்தின் ஃபோர்ஃபர் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை கிங்ஸ்முயர் ஊர்ப் பள்ளியின் ஆசிரியர். தோல்வாரால் அடித்துப் பாடம் ஏற்றும் அக்கால வழக்கம் அப்பள்ளியிலும் இருந்தது. படிப்பில் சோபிக்காத நீல் பதினான்கு வயதில் வேலைக்கு அனுப்பப்பட்டார். எரிவாயு அளவி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எழுத்தர் வேலை. அது ஒத்துவராமல் திரும்பி வந்து, தந்தையின் பள்ளியிலேயே மாணவ ஆசிரியராகச் சேர்ந்தார். பின்னர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் பயின்று 1912 இல் பட்டம் பெற்றார்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் அருகிலுள்ள ஹெல்லராவில் தொடங்கிய பள்ளி, ஆஸ்திரியா வழியாக இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் நகருக்கு வந்தது. அங்கு அது இயங்கிய வீட்டின் பெயரே சம்மர்ஹில். 1927 இல் லீஸ்டனுக்கு இடம்பெயர்ந்தபோது பெயரும் உடன் வந்தது. நீல் 1973 இல் இறந்தார். அவருக்குப் பின் அவருடைய மனைவி ஈனாவும், 1985 முதல் மகள் சோயி ரெட்ஹெட்டும் பள்ளியை நடத்தினர். மாணவர் தொகை பெரும்பாலும் நூறுக்கும் குறைவாகவே இருந்து வந்துள்ளது.

நேர அட்டவணை யாருக்கு?

விருப்பப்படி வகுப்பு என்றவுடன் அட்டவணையே இல்லாத பள்ளி என்று பலர் எண்ணிவிடுகின்றனர். இது தவறு. சம்மர்ஹில்லில் நேர அட்டவணை உண்டு. ஆனால் அது ஆசிரியரைக் கட்டுப்படுத்துமே அன்றி மாணவரைக் கட்டுப்படுத்தாது. குறித்த நேரத்தில் கணித ஆசிரியர் வகுப்பறையில் இருந்தாக வேண்டும். மாணவர் வரலாம், வராமல் வேலைப்பட்டறையில் மரம் இழைத்துக்கொண்டிருக்கலாம், மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கலாம். மூத்த மாணவர்கள் பருவத் தொடக்கத்தில் தாம் விரும்பும் பாடங்களுக்குப் பெயர் பதிந்துகொள்வர். வகுப்புகள் பொதுவாக வயதை ஒட்டி அமைந்தாலும், ஆர்வத்தை ஒட்டி அமைவதும் உண்டு.

வேறு பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகள் முதலில் எந்த வகுப்பையும் எட்டிப் பார்ப்பதில்லை. பழைய பள்ளியின் மீது இருந்த வெறுப்பு எவ்வளவோ அவ்வளவு காலம் இது நீடிக்கும் என்பது நீலின் கணிப்பு. சராசரியாக மூன்று மாதம் எனவும், கன்னிமாடப் பள்ளியிலிருந்து வந்த ஒரு சிறுமிக்கு மூன்று ஆண்டுகள் ஆயின எனவும் அவர் எழுதியுள்ளார்.

இந்த நெகிழ்வுக்கு ஓர் எல்லையும் உண்டு. வாரக்கணக்கில் வராமல் திடீரென்று வந்து அமரும் மாணவரை மற்ற மாணவர்களே எதிர்க்கலாம். அவருக்காகப் பழைய பாடத்தை மீண்டும் தொடங்கினால் தாங்கள் பின்தங்கிவிடுவோம் என்று அவர்கள் முறையிடுவர். நீல் இதனை நியாயமான எதிர்ப்பு என்றே ஏற்றார். வராமல் இருக்கும் உரிமை தனியொருவருடையது. வகுப்பின் வேகம் வந்தவர்கள் அனைவருக்கும் உரியது. எந்தப் பாடத்தைக் காட்டிலும் கணிதத்திலேயே இவ்விரண்டும் அதிகம் மோதிக்கொள்ளும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

கற்பித்தல் முறை பற்றிய நீலின் கருத்து

சம்மர்ஹில்லில் புதுமையான கற்பித்தல் முறைகள் இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாற்றமே அடைவர். முறையைப் பற்றி நீல் அக்கறை கொள்ளவில்லை. நீள் வகுத்தலைச் சொல்லித்தர ஒரு பள்ளியிடம் தனி முறை இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டே அல்ல. கற்க விரும்பும் பிள்ளை எப்படிச் சொல்லித் தந்தாலும் கற்றுக்கொள்ளும், விரும்பாத பிள்ளைக்கு அது தேவையும் இல்லை என்பது அவர் நிலைப்பாடு. மரியா மாண்டிசோரி போன்றோர் கற்றல் கருவிகளை நுணுகி நுணுகி வடிவமைத்த காலத்தில் இவர் இவ்வாறு கூறினார் என்பது குறிப்பிடத்தக்கது.

இத்தனைக்கும் நீல் கணிதத்தை விரும்பியவர். பல ஆண்டுகள் இயற்கணிதமும் வடிவியலும் அவரே கற்பித்தார். ஆக, இங்கு நெகிழ்வு என்பது வகுப்பறையின் கதவில் இருந்தது, கரும்பலகையில் இல்லை. சம்மர்ஹில்லைப் பற்றிய பாராட்டுகளையும் கண்டனங்களையும் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளுதல் நலம்.

கணிதம்

நீல் 1960 இல் வெளியான தமது நூலில் டாம் என்னும் மாணவனைப் பற்றிக் கூறுகிறார். ஐந்து வயதில் வந்து பதினேழு வயதில் வெளியேறிய டாம், இடையில் ஒரு வகுப்புக்கும் வரவில்லை. பெரும்பொழுதை வேலைப்பட்டறையிலேயே கழித்தான். ஒன்பது வயதில் ஓரிரவு அவன் படுக்கையில் டிக்கன்ஸின் டேவிட் காப்பர்ஃபீல்டு புதினத்தைப் படித்துக்கொண்டிருப்பதை நீல் கண்டார். படிக்கத் தானே கற்றுக்கொண்டதாக அவன் கூறினான். சில ஆண்டுகளுக்குப் பின் அவரிடம் வந்து, அரையையும் ஐந்தில் இரண்டையும் எப்படிக் கூட்டுவது என்று கேட்டான். அவர் சொல்லித் தந்தார். இன்னும் ஏதாவது தெரிய வேண்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஒரே மாணவனின் கதையில் இரு பாடங்களும் வெவ்வேறாக நடந்துகொள்வதைக் காணலாம். வாசிப்பு அவனுக்குத் தானாக வந்தது. பின்னக் கூட்டலுக்கோ ஒருவரைத் தேடி வர வேண்டியிருந்தது.

காரணம் கணிதத்தின் கட்டமைப்பில் உள்ளது. 1/2, 2/5 ஆகியவற்றைக் கூட்ட, இரண்டையும் பத்தின் கூறுகளாக மாற்ற வேண்டும்: 5/10, 4/10, கூட்டினால் 9/10. ஒரே அளவைப் பல பின்னங்களாக எழுதலாம் என்பது தெரியாமல் இது புரியாது. பெருக்கல் வாய்பாடு தெரியாமல் அதுவும் எளிதன்று. பிறகு ஓர் எண்ணின் அரையையும் ஐந்தில் இரண்டையும் கூட்டினால் 9 வருகிறது, அவ்வெண் யாது என்று இயற்கணிதம் கேட்கும்போது, விடை 10 என்று காண இதே பின்னக் கூட்டல் வேண்டும். கணினி நிரல் எழுதுவோருக்கு இது பழகிய நிலைமை: ஒரு நிரல்கூறு இல்லையென்றால் அதைச் சார்ந்த பத்துக் கூறுகள் இயங்கா, பிழைச்செய்தியோ கடைசிக் கூற்றின் பெயரைத்தான் காட்டும். பதினான்கு வயதில் இயற்கணிதம் வரவில்லை என்று வருந்தும் மாணவருக்கு உண்மையில் விட்டுப்போனது ஒன்பது வயதுப் பாடமாக இருக்கலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் நகரில் 1968 இல் தொடங்கிய சட்பரி வேலி பள்ளியிலும் வகுப்பு கட்டாயமில்லை. அங்கு அட்டவணையும் கிடையாது. மாணவர் கேட்டால் மட்டுமே பாடம். அதன் நிறுவனர்களுள் ஒருவரான டேனியல் கிரீன்பர்க், இயற்பியல் கற்பித்தவர். ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையிலான பன்னிரண்டு பிள்ளைகள் எண்கணிதம் வேண்டும் என்று கேட்டு வந்ததை அவர் பதிவு செய்துள்ளார். வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம். ஐந்து நிமிடம் தாமதித்தால் அன்று வகுப்பு இல்லை. அது இருமுறை நிகழ்ந்தால் அதன் பின் வகுப்பே இல்லை. 1898 இல் வெளிவந்த பழைய பாடநூல் ஒன்றே கையேடு. தொடக்கப் பள்ளி எண்கணிதம் முழுவதும் இருபது வாரங்களில் முடிந்தது என்கிறார்.

இது நிறுவனர் ஒருவரின் சொந்தக் கூற்றே. சோதனை முறையில் அளக்கப்பட்ட ஆய்வு அன்று. எனினும் விட்டுப்போன அடிப்படைகளைப் பிற்காலத்தில் விரைவாக ஈடுசெய்ய முடியும் என்பதற்கு இது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அந்தப் பன்னிருவரும் தாமே கேட்டு வந்தவர்கள் என்பதையும், கேட்காதவர்களைப் பற்றி இக்கதை எதுவும் சொல்வதில்லை என்பதையும் வாசகர் கவனிக்க வேண்டும்.

ஆங்கிலம்

ஆங்கிலத்தின் நிலை வேறு. சம்மர்ஹில்லில் வாரந்தோறும் பொதுக்கூட்டம் நடைபெறும். பள்ளியின் அன்றாட விதிகள் அதில்தான் இயற்றப்படும். ஆசிரியருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு. மிதிவண்டியை எடுத்துச் சென்றவர் மீது புகார் கூறவும், தம் தரப்பை எடுத்துரைக்கவும், உறங்கும் நேரத்தை மாற்றக் கோரவும் பேச்சு வேண்டும். ஆங்கில வகுப்புக்கு ஒரு நாளும் செல்லாத பிள்ளைக்கும் இக்கூட்டத்தில் மொழிப்பயிற்சி கிடைத்துவிடுகிறது.

நீலின் நூல் பரவிய பின் அமெரிக்காவிலிருந்தும், பின்னர் ஜெர்மனி, ஜப்பான், கொரியா முதலிய நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கெனத் தனி வகுப்புகளும் நடத்தப்பட்டன. கூட்டத்தில் வாக்களிக்க வேண்டுமானால் முன்மொழிவு என்னவென்று புரிய வேண்டும் என்பதால், இவர்களுக்கு மொழியின் தேவை வந்த முதல் வாரத்திலேயே விளங்கிவிடும்.

ஆனால் பேச்சு வேறு, எழுத்து வேறு. கூட்டத்தில் நன்கு வாதிடும் ஒருவர் அதே வாதத்தை இரண்டு பக்கக் கட்டுரையாக எழுத முடியும் என்பதற்கு உறுதி இல்லை. எழுத்துக்கூட்டல், பத்தி அமைப்பு, தேர்வு வினாவுக்கு ஏற்ப விடை எழுதுதல் ஆகியவற்றைச் சுற்றுச்சூழல் தராது. இப்பகுதியில் ஆங்கிலமும் கணிதத்தைப் போன்றே நடந்துகொள்கிறது.

அரசு ஆய்வுகளும் வழக்கும்

1949 இல் அரசின் பள்ளி ஆய்வாளர்கள் இருவர் சம்மர்ஹில்லுக்கு வந்தனர். பிள்ளைகளின் உற்சாகத்தையும் இயல்பான பழக்கவழக்கங்களையும் பாராட்டினர். படிப்பின் விளைவு குறைவு என்றும், இளையோருக்கு நல்ல ஆசிரியர் இல்லை என்றும் குறை கூறினர். சில வகுப்புகளில் முறைகள் வியக்கத்தக்க அளவு பழமையானவை என்றும் எழுதினர். இவ்வறிக்கையை நீல் மறைக்காமல் தமது நூலிலேயே சேர்த்து வெளியிட்டார்.

1999 ஆம் ஆண்டு ஆய்வு இவ்வளவு மென்மையாக அமையவில்லை. 1992 இல் உருவாக்கப்பட்ட ஆப்ஸ்டெட் எனப்படும் கல்வி ஆய்வு அமைப்பு, இப்பள்ளி சோம்பலைத் தனிமனித உரிமை என மயங்க மாணவர்களை அனுமதிக்கிறது என்னும் பொருளில் அறிக்கை அளித்தது. தொடர்ந்து, அப்போதைய கல்வி அமைச்சர் டேவிட் பிளங்கெட்டின் துறை முறைப்படி புகார் அறிவிப்பு அனுப்பியது. கழிப்பறை ஏற்பாடு போன்ற சில புகார்களும் அதில் இருந்தன. ஆனால் பள்ளியின் உயிர்நாடியைத் தொட்டது வகுப்புக்கு வராமை பற்றிய புகாரே. அதற்கு இணங்கினால் விருப்ப வகுப்பு என்பதே இராது. இணங்காவிட்டால் பள்ளியை மூட நேரிடும்.

பள்ளி மேல்முறையீடு செய்தது. 2000 மார்ச்சு மாதத்தில் இலண்டன் அரச நீதிமன்றக் கட்டடத்தில் தீர்ப்பாயம் கூடியது. பள்ளிக்காக வழக்கறிஞர் ஜெஃப்ரி ராபர்ட்சன் தோன்றினார். விசாரணை சில நாட்களே நடந்த நிலையில் அரசுத் தரப்பு உடன்பாட்டுக்கு முன்வந்தது. கற்றல் என்பது வகுப்புக்குள் மட்டும் நிகழ்வதன்று என்பதும், பள்ளியின் கொள்கையையும் மாணவர் கருத்தையும் ஆய்வின்போது கணக்கில் கொள்ள வேண்டும் என்பதும் அவ்வுடன்பாட்டில் இடம்பெற்றன. அதனை ஏற்பதா என்று முடிவு செய்ய மாணவர்கள் நீதிமன்ற அறையிலேயே தங்கள் கூட்டத்தைக் கூட்டி வாக்களித்து ஏற்றனர். 2007 இல் நடந்த ஆய்வின் அறிக்கை பள்ளிக்குச் சாதகமாக அமைந்தது.

தேர்வுகள்

வழக்கு முடிந்தாலும் தேர்வு இருக்கிறது. இங்கிலாந்தில் பதினாறு வயதையொட்டி எழுதப்படும் ஜிசிஎஸ்இ தேர்வு 1988 இல் முதன்முறையாக நடத்தப்பட்டது. சம்மர்ஹில் மாணவர் இத்தேர்வை எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம். எந்தப் பாடங்கள் என்பதும் அவர் விருப்பம். ஆனால் வெளியிலுள்ள கல்லூரிகளும் வேலை தருவோரும் எல்லாப் பாடங்களையும் ஒன்றாக மதிப்பதில்லை. ஆங்கிலம், கணிதம் இரண்டையும் முதலில் கேட்கின்றனர். 2017 இல் 9 முதல் 1 வரையிலான புதிய தரப்படுத்தல் முதன்முதலில் அறிமுகமானதும் இவ்விரு பாடங்களில்தான். பழைய முறையில் சி தரமும் புதிய முறையில் 4 ஆம் தரமும் வழக்கமான தேர்ச்சி எல்லையாகக் கொள்ளப்படுகின்றன.

2014 முதல் இது மேலும் இறுகியது. இவ்விரு பாடங்களிலும் அத்தரத்தை எட்டாதவர், பதினாறு வயதுக்குப் பின் அரசு நிதியில் இயங்கும் கல்லூரியில் தச்சோ, சமையற்கலையோ, எதைப் பயின்றாலும் உடன் ஆங்கிலத்தையும் கணிதத்தையும் தொடர்ந்து படித்தாக வேண்டும். இல்லையேல் கல்லூரிக்கு அந்த மாணவருக்கான நிதி கிடைக்காது. டாமின் காலத்தில் இவ்விதி இல்லை. பள்ளியை விட்ட அவன் திரைப்பட நிலையம் ஒன்றில் ஒளிப்படக் கருவிப் பிரிவு உதவியாளனாகச் சேர்ந்தான். அங்கிருந்த மேலாளர் அவனைப் பற்றி மிக உயர்வாகக் கூறியதாக நீல் எழுதியுள்ளார். இன்று ஒரு டாம் அதே துறைக்குரிய படிப்பில் சேர விரும்பினால், அவன் ஒருமுறை கேட்டுவிட்டுப் போன பின்னக் கூட்டல் அங்கே கட்டாயப் பாடமாகக் காத்திருக்கும்.