நாற்பது நிமிடப் பயணம்

மகளிர் சங்கக் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக் கொண்டிருந்தபோது ஓர் அம்மா என்னருகில் வந்தார்.

"பிள்ளை, பெய்ரூட்டிலயிருந்து சைப்பிரசுக்கு எவ்வளவு தூரம்? மகள் வேலை செய்யிற வீட்டுக்காரர் லீவுக்கு அவளையும் அங்க கூட்டிக்கொண்டு போகினமாம்."

லெபனானின் தலைநகர் பெய்ரூட். மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் உள்ளது. எதிரே கடலுக்குள் இருக்கும் தீவு சைப்பிரஸ். அதன் முக்கிய விமான நிலையம் லார்னகா நகரில் இருக்கிறது. இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 207 கிலோமீற்றர். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான தூரத்தை விடக் குறைவு. விமானம் ஓடுபாதையில் ஓடும் நேரத்தையும் சேர்த்து 40 முதல் 50 நிமிடங்களில் போய்விடலாம்.

ஆனால் இந்தத் தூரம் எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது பெய்ரூட் விமான நிலையம் பலமுறை மூடப்பட்டது. அப்போது மக்கள் லார்னகாவிலிருந்து கப்பலில் ஜூனியே துறைமுகத்துக்கு வந்து இறங்கினார்கள். லார்னகா விமான நிலையமே போரினால் உருவானதுதான். 1974இல் சைப்பிரஸ் இரண்டாகப் பிளவுபட்டபோது நிக்கோசியா விமான நிலையம் மூடப்பட்டது. அதற்குப் பதிலாகவே 1975இல் இது திறக்கப்பட்டது.

2006 ஜூலை 13ஆம் திகதி இஸ்ரேலிய விமானங்கள் பெய்ரூட்டின் ஓடுபாதைகளில் குண்டு வீசின. கடல்வழியும் முற்றுகையிடப்பட்டது. மேலைநாட்டவர்களை அவர்களது அரசாங்கங்கள் கப்பல்களில் சைப்பிரசுக்குக் கொண்டுசென்றன. நாற்பது நிமிடப் பயணம் பல மணி நேரக் கடற்பயணமாயிற்று.

அப்போது லெபனானில் பல்லாயிரக்கணக்கான இலங்கைப் பணிப்பெண்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் பேருந்தில் சிரியாவுக்குச் சென்று, அங்கிருந்தே நாடு திரும்பினர். கடவுச்சீட்டு எசமானரின் கையில் இருந்ததால் வெளியேற முடியாமல் தவித்தவர்களும் உண்டு. அதே ஆண்டு ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டு, யாழ்ப்பாணத்தவர் கப்பலுக்குக் காத்துக்கிடந்ததை நாம் மறக்கவில்லை. வழி அடைபட்டால் தூரம் எப்படி நீளும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த அம்மாவிடம் தூரத்தைச் சொல்லிவிட்டு, மேலும் சில விடயங்களையும் சொன்னேன். சைப்பிரஸ் 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. இலங்கைக் கடவுச்சீட்டுடன் செல்பவருக்கு விசா வேண்டும். மகளின் பெயரில் விசா எடுக்கப்பட்டதா, மீண்டும் லெபனானுக்குள் நுழையும் அனுமதி இருக்கிறதா, கடவுச்சீட்டு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். கடவுச்சீட்டு, ஒப்பந்தம் இரண்டின் பிரதியும் உங்கள் கையில் இருக்கட்டும். பெய்ரூட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் தொலைபேசி இலக்கத்தை மகளை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

"அங்க இப்ப எத்தனை மணியிருக்கும், பிள்ளை?" என்று கேட்டார். லெபனானிலும் சைப்பிரசிலும் வழமையாக ஒரே நேரம்தான். குளிர்காலத்தில் நமக்கு மூன்றரை மணி நேரமும், கோடையில் இரண்டரை மணி நேரமும் பின்னால் என்றேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அப்ப இண்டைக்கு இரவே எடுத்துக் கேக்கிறன்" என்றபடி பாயைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.