களைப்பும் ஒரு நோய்க்குறியே

எங்கள் தாத்தா கைத்தறி நெசவாளர். ஒருநாள் தறியைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திண்ணையில் சாய்ந்தார். "சோம்பல் வந்துவிட்டதா தாத்தா?" என்று கேலி செய்தேன். கை நடுங்கத் தொடங்கியது அதன் பின்னரே.

1817-இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நடுக்குவாதம் இது. பெயரிலேயே நடுக்கம் இருப்பதால் எல்லோரும் கையையே பார்க்கிறோம். நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரை வாட்டும் களைப்போ கண்ணுக்குத் தெரிவதில்லை. சிலருக்கு அது நடுக்கத்தையும் முந்திக்கொள்கிறது. உறங்கி எழுந்தாலும் தீராது. மூளையில் டோப்பமைன் சுரக்கும் அணுக்கள் அழிவதால் உடலசைவு குன்றுகிறது. களைப்புக்கு அது மட்டுமே காரணமன்று. எனவேதான் லெவோடோபா மாத்திரை விறைப்பைத் தளர்த்தினாலும் அயர்ச்சி பெரும்பாலும் எஞ்சிவிடுகிறது.

இப்போது தாத்தா காலையில் சிறிது நேரம் நெய்கிறார். பிறகு திண்ணையில் பாய் விரிப்பது என் வேலை.